எழுபது எழுத்து

சிந்துவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "என் கோடுல தப்பு வராது" என்று, தான் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. மாடிப்படி இறங்கும்போது, கீழே பேட்டரி தூக்குகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள். இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்துவிடும்.

வயது இருபத்தாறு. ஊர் ஆரணி. பெங்களூர் ரிங் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, எங்கேயோ இருக்கும் இன்ஷூரன்ஸ்காரர்களின் திரையில் பட்டன்களை இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அலுத்துப்போய் ராஜினாமா கொடுத்துவிட்டு, தொம்மலூரில் கணேசமூர்த்தியின் யூபிஎஸ் பேட்டரிக் கடைக்கு வந்து சேர்ந்தாள். பேட்டரி விற்க அல்ல. கடைக்கு மேலே அவருக்கு ஒரு காலி அறை இருந்தது, அவளிடம் ஒரு யோசனை இருந்தது.

யோசனை, வீடு தேடி அலைந்த கடுப்பில் பிறந்தது. இரண்டாயிரத்து ஐந்தில் பெங்களூரில் வாடகைக்கு வீடு பிடிப்பது என்றால் இப்படித்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விளம்பரத்தைப் பார்ப்போம். அட்ரஸைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு சாயங்காலம் ஆட்டோ பிடிப்போம். ஐந்தாவது மெயின் ரோடு, ஏழாவது கிராஸ் தெரு என்று எழுதியிருப்போம். எந்த பிளாக், எந்த ஸ்டேஜ் என்று எழுத மறந்திருப்போம். இந்த ஊரில் ஏழாவது கிராஸ் எத்தனை இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிந்து மூன்று முறை தப்பான ஏழாவது கிராஸில் போய் நின்று, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு காலிங்பெல்லை அடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாவது முறை பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. கையில் போன் இருக்கிறது. நத்தை வேகத்தில் என்றாலும் அதில் இன்டர்நெட்டும் வருகிறது. ஆபீஸில் பார்த்த அந்தப் பக்கத்தையே போனில் திறந்தால் என்ன? திறக்கலாம், ஆனால் முழ நீள லிங்க்கை போனின் குட்டிப் பட்டன்களில் யார் குத்திக்கொண்டிருப்பார்கள்? கம்ப்யூட்டரில் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கட்டும். உங்கள் மொபைல் நம்பரைப் போட்டு அதை அழுத்தினால், விளம்பரத் தலைப்பும் லிங்க்கும் எஸ்எம்எஸ்ஸாக போனில் வந்து விழட்டும். லிங்க்கை அழுத்தினால் படம், ஓனர் நம்பர், எந்த பிளாக், எந்தக் கோயிலுக்கு எதிரில் என்று எல்லாம் திறந்துவிடும்.

கணேசமூர்த்தி இதைக் கேட்டுவிட்டு அரை நாள் யோசித்தார். அவருக்கு அறுபது நெருங்குகிறது. தாத்தா மைசூர் சர்க்காரில் குமாஸ்தா, அப்பா மாநில அரசில் அதிகாரி. வியாபாரம் என்று இறங்கிய முதல் ஆள் இவர்தான். "ஆறு மாசம் தர்றேம்மா" என்றார். "அதுக்குள்ள ஒரு பெரிய பார்ட்டி கையெழுத்து போடணும். இல்லேன்னா மாடிக்கு பேட்டரி ஏறிடும். சும்னே ரூமை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நல்ல மனுஷர். ஒரே ஒரு பிடிவாதம்தான். பிள்ளையார் சுழி போடாமல் அவரால் எதையும் தொடங்க முடியாது. கொட்டேஷன் தலையில் 'உ', கடிதத்தின் தலையில் 'உ', லாரியிலிருந்து இறங்குகிற பேட்டரிப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ஒரு 'உ'. சிந்து கேலி செய்வாள். "சார், பேட்டரிக்கு ஆசிட் ஊத்தினா போதும் சார், பிள்ளையார் எதுக்கு?"

"உனக்கு கொத்தில்லம்மா. சும்னே இரு" என்று, உனக்குத் தெரியாது சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

ஆறு மாதத்தில் பட்டன் தயாராகிவிட்டது. மெசேஜின் வாசகத்தைத் தன் உதவி இல்லாமலே யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள சிந்து ஒரு திரையும் செய்து வைத்தாள். "இந்தப் பெட்டியில என்ன வேணும்னாலும் டைப் பண்ணுங்க சார். நீங்க என்ன பண்ணாலும் உடையாது" என்று கணேசமூர்த்தியிடம் காட்டினாள். 'உடையாது' என்பதை இரண்டு தரம் சொன்னாள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய பார்ட்டியும் கிடைத்தது. வீட்டு வாடகை விளம்பரங்களுக்கென்று ஒரு வெப்சைட் நடத்துகிற ஸ்ரீகண்டன், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்தத் திங்களோடு ஆறு மாதமும் முடிகிறது. அன்றைக்கு அவர் சரி என்றால் மாடி அறை சிந்துவுக்கு. இல்லையென்றால் பேட்டரிக்கு.

திங்கள் காலை பத்து மணிக்கு பிரிஜெட் ஒரு பிரம்புக் கூடையோடு மாடியேறி வந்தாள். கடையில் போன் எடுப்பது, பில் போடுவது, சிந்து செய்ததையெல்லாம் போனில் தட்டிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வது, மூன்றும் அவள் வேலை. விவேக் நகரில் அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. கூடைக்குள் பன்னிரண்டு போன்கள் இருந்தன, பன்னிரண்டும் வேறு வேறு மாடல். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, உடையவர் பேரை எழுதியிருந்தாள். டெய்லர், ஆட்டோக்காரர், சர்ச் பாட்டுக்குழுவில் பாடும் இரண்டு பேர், ஒரு நர்ஸ்.

"பன்னெண்டுலயும் நெட் போட்டாச்சு சிந்து. நேத்து பூசை முடிஞ்சதும் சர்ச் வாசல்லயே நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயா வாங்கினேன். மூணு மணிக்குள்ள திருப்பித் தரலேன்னா என்னைத் தெருவுல விட மாட்டாங்க."

"பன்னெண்டு மணிக்கே தந்துடலாம்க்கா" என்றாள் சிந்து. "சனிக்கிழமை நூறு தரம் அனுப்பிப் பார்த்தேன். நூறும் போச்சு. என் கோடுல..."

"தெரியும், தெரியும்" என்றாள் பிரிஜெட்.

ஸ்ரீகண்டன் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயசு, மல்லேஸ்வரத்துத் தமிழர், மூன்று தலைமுறையாக இங்கேதான். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த ஒரு செய்கையிலேயே சிந்துவுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

"ரெண்டு மணிக்கு நொய்டாவிலேர்ந்து இன்னொரு கம்பெனி வராங்க. அவங்களும் இதையேதான் காட்டப்போறாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், அடுத்த மாசத்துலேர்ந்து விளம்பரம் கன்னடத்துலயும் தமிழ்லயும் வரும். அதுக்கும் இது வேலை செய்யணும்."

"அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல சார்" என்றாள் சிந்து, கொஞ்சமும் யோசிக்காமல்.

கம்ப்யூட்டரில் இந்திராநகர் வீடு ஒன்றின் விளம்பரத்தைத் திறந்தாள். பன்னிரண்டு நம்பர்களையும் போட்டு பட்டனை அழுத்தினாள். நாலு விநாடி அமைதி. பிறகு கூடை மொத்தமும் கூவ ஆரம்பித்தது. ஒன்றில் கோயில் மணி, ஒன்றில் குழந்தைச் சிரிப்பு, ஆட்டோக்காரர் போனில் நாதஸ்வரம். ஸ்ரீகண்டன் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. டெய்லரின் போனை எடுத்து லிங்க்கைத் திறந்தார்.

பக்கம் இல்லை என்று வந்தது.

நர்ஸின் போனை எடுத்தார். அதிலும் இல்லை. பிரிஜெட் மளமளவென்று மற்றவற்றைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டிலும் இல்லை.

"பாதி லிங்க்தான் வந்திருக்கு சிந்து" என்றாள் மெதுவாக. "இந்திராநகர்னு வரணும். இந்திராவோட நின்னுடுச்சு."

சிந்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். லிங்க்கைப் பார்த்தாள், கோடைப் பார்த்தாள், அனுப்பியதற்கான பதிவைப் பார்த்தாள். எல்லாம் சனிக்கிழமை இருந்த மாதிரியேதான் இருந்தது. ஸ்ரீகண்டன் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். கணேசமூர்த்தி சுவரோரமாக நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பதினெட்டு நிமிஷத்துல நான் கிளம்பணும்மா" என்றார் ஸ்ரீகண்டன். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கோபப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். முடிவு செய்துவிட்டவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

"பிரிஜெட்க்கா, வந்த மெசேஜை அப்படியே படிங்க. ஒவ்வொரு எழுத்தா. இடைவெளி, புள்ளி எல்லாத்தையும் சேர்த்து எண்ணுங்க."

பிரிஜெட் விரலை வைத்து எண்ணினாள். ஒரு தரம் எண்ணிவிட்டு, சந்தேகத்துக்கு நர்ஸின் போனிலும் எண்ணினாள். "எழுபது."

"சரியா எழுபதா?"

"ரெண்டுலயும் எழுபதுதான். முதல்ல இருக்கற கட்டத்தையும் சேர்த்து."

"எந்தக் கட்டம்?"

பிரிஜெட் போனைக் காட்டினாள். மெசேஜின் முதல் வரியில், தலைப்புக்கும் மேலே, தன்னந்தனியாக ஒரு சின்னச் சதுரக் கட்டம். தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் அந்தக் காலத்துப் போன்கள் இப்படித்தான் ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

எழுபது என்று கேட்டதுமே சிந்துவுக்குப் பாதி புரிந்துவிட்டது. எஸ்எம்எஸ்ஸில் வெறும் இங்கிலீஷ் என்றால் நூற்றறுபது எழுத்துக்கு இடம் உண்டு. தமிழோ கன்னடமோ, ஒரே ஒரு எழுத்து உள்ளே வந்துவிட்டால் போதும், மொத்த மெசேஜும் வேறு கணக்குக்கு மாறி எழுபதோடு இடம் முடிந்துவிடும். மிச்சத்தை போன் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். இது ஏதோ ஒரு கையேட்டின் முப்பதாவது பக்கத்தில் இருந்தது. அவள் படித்திருந்தாள், படித்துவிட்டு நமக்கு எதற்கு என்று புரட்டிவிட்டாள். அவளுடைய மெசேஜோ நூற்று முப்பது எழுத்து நீளம்.

ஆக, இங்கிலீஷ் மெசேஜின் தலையில் ஏதோ ஓர் எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தனி வரியில், ஒற்றை எழுத்து. இந்தக் கட்டிடத்தில் அது எந்த எழுத்தாக இருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவள் திரும்பி கணேசமூர்த்தியைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில ராகுகாலம் போனப்புறம் வந்தேம்மா" என்றார் கம்மிய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஒன்பது அடிச்சு அஞ்சு நிமிஷம். அந்தப் பெட்டியில என்ன வேணும்னாலும் போடலாம்னு நீதானே சொன்னே. ஒரே ஒரு எழுத்துதானேன்னு... நல்லபடியா நடக்கணும்னுதாம்மா போட்டேன்."

சிந்துவுக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆறு மாதம். ஒற்றை எழுத்து. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த மனுஷர் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிலைக்காது. நல்லது செய்ய நினைத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியில் முகம் சுருங்கிப்போயிருந்தது.

வாசகம் மாற்றும் திரையைத் திறந்தாள். அங்கே முதல் வரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது 'உ'. கர்சரை அதன் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அழிக்கிற பட்டன்மேல் விரல் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. பன்னிரண்டு போனிலும் இந்திராநகர் முழுசாக வந்துவிடும்.

"எடுத்துடும்மா" என்றார் கணேசமூர்த்தி. "பிள்ளையார் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

விரல் இறங்கவில்லை. அடுத்த மாதம் கன்னடத்தில் விளம்பரம் வரும் என்று அரை மணிக்கு முன்னால்தான் ஸ்ரீகண்டன் சொன்னார். பிரச்சினையே இல்லை என்று அவளும் சொன்னாள். பசவனகுடியில் ஏதோ ஒரு ஓனர் தலைப்பில் வீடு என்பதற்கு 'மனெ' என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை போட்டால் போதும், லிங்க் பாதியில் அறுந்துபோகும். போன் பேசாமல் கட்டம் போட்டுவிடும். யாரோ ஒரு பெண் மறுபடியும் தப்பான ஏழாவது கிராஸில் போய் நிற்பாள். ஆரணியில் பிறந்து, தமிழில் படித்து வளர்ந்தவள் செய்த பட்டன், தமிழ் ஓர் எழுத்து வந்தால் உடைகிறது. அவளுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

'உ'-வை விட்டுவிட்டு எழுந்தாள்.

"சார்" என்றாள் ஸ்ரீகண்டனிடம். "தப்பு என் கோடுலதான்."

மாடிப்படியில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். கீழே பேட்டரி இறக்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பிரிஜெட் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள்.

"மெசேஜுல ஒரு தமிழ் எழுத்து இருக்கு. அதை எடுத்துட்டா இப்பவே வேலை செய்யும். ஆனா அடுத்த மாசம் நீங்க கன்னடத்துல விளம்பரம் போட்டா இதே மாதிரி உடையும். ஒரு எழுத்துக்குப் பயந்து ஓடற பட்டனை உங்களுக்கு நான் தரமாட்டேன். பதினஞ்சு நிமிஷம் குடுங்க, சரி பண்ணிக் காட்டறேன்."

"பதினஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணுவே?"

"கோயிலுக்குப் போனா செருப்பைத் தூக்கிக்கிட்டா உள்ள போறோம்? வாசல்ல விட்டுட்டு டோக்கன் வாங்கிக்கறோம். நீளமான லிங்க்கை நம்ம கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கிட்டு, போனுக்கு டோக்கன் நம்பரை மட்டும் அனுப்பறேன். போன் வந்து நம்பரைக் காட்டினா, நாம அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டுடுவோம். எந்த மொழியில எழுதினாலும் எழுபதுக்குள்ள அடங்கிடும்."

ஸ்ரீகண்டன் மேஜைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். "காபி இருக்கா?" என்றார் கணேசமூர்த்தியிடம்.

கணேசமூர்த்தி காபிக்கு ஓடினார். சிந்து மேஜைமேல் கிடந்த காகிதத்தை இழுத்து, பேனாவால் சரசரவென்று நாலு கட்டம் போட்டாள், அம்புக்குறி போட்டாள், இரண்டு ஃபைல் பேர்களை எழுதினாள். அதைத் தள்ளிவிட்டு கீபோர்டில் இறங்கினாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு தடவை "க்கா, டெய்லர் போனைத் தயாரா வையுங்க" என்றாள். ஒரு தடவை தன்னையே திட்டிக்கொண்டாள். பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை பிடிபட்டுவிட்டால் அவளுக்கு அப்படித்தான்.

பதிமூன்றாவது நிமிஷம் பட்டனை அழுத்தினாள்.

கோயில் மணி, குழந்தைச் சிரிப்பு, நாதஸ்வரம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிரிஜெட் டெய்லர் போனை எடுத்துத் திறந்தாள். திரை வெளுத்து, யோசித்து, மெல்ல மெல்ல மேலிருந்து கீழாக ஒரு வீட்டுப் படம் இறங்கியது. பச்சை கேட், ஓனர் நம்பர், இந்திராநகர் முதல் ஸ்டேஜ், ஏழாவது கிராஸ். அடுத்த போன். அடுத்தது. பன்னிரண்டாவது போனும் திறந்ததும் பிரிஜெட் யாருக்கும் தெரியாமல் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐம்பத்திரண்டு எழுத்து" என்றாள் சிந்து.

ஸ்ரீகண்டன் அத்தோடு விடவில்லை. வாசகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலைத் திறந்து, அதிலிருந்த கன்னட எழுத்துகளை மவுஸால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு வார்த்தை சேர்த்தார். தன் சொந்த நம்பருக்கே அனுப்பினார். அவர் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துத் திறந்தார். கட்டம் கட்டமாக ஒரு வரி வந்தது, கீழே லிங்க் முழுசாக இருந்தது, பக்கமும் திறந்தது.

"சரி, நான் போட்ட கன்னடம் கட்டமா வருது, புரியுது. எல்லாத்துக்கும் மேல தனியா ஒரு கட்டம் இருக்கே, இது என்ன?"

கணேசமூர்த்தி காபி டம்ளரோடு நின்றுவிட்டார்.

"அது பிள்ளையார் சார்" என்றாள் சிந்து. "உங்க போனுக்கு அவரைத் தெரியல. ஆனா அவர் இருந்தாலும் வீடு சரியா வந்துடும்."

ஸ்ரீகண்டன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "எங்க தாத்தா போஸ்ட் கார்டுல போடுவார்" என்றார். போனை எடுத்து நொய்டாக்காரர்களைக் கூப்பிட்டு, இரண்டு மணிக்கு வர வேண்டாம் என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னார். ஒப்பந்தத்தை நாளைக் காலை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கணேசமூர்த்தி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "என் பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா. நான்தானே போட்டேன்."

"உடையாதுன்னு நான்தானே சார் சொன்னேன்."

அவர் தன் கையிலேயே ஆறிப்போன காபியை அவளிடம் நீட்டினார். அவளும் வாங்கிக் குடித்தாள். இந்த ஆறு மாதத்தில் அவர் கையால் காபி வாங்கிக் குடிப்பது அதுதான் முதல் தடவை.

பிரிஜெட் போன்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே மேஜையைச் சுத்தம் செய்தாள். சிந்து கிறுக்கிய காகிதம் கைக்கு வந்தது. கசக்கப் போனவள் நின்று, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சார், இதுலயும் நீங்க போட்டீங்களா?"

"நான் அந்தப் பக்கமே வரலியே. காபிக்கு இல்ல போயிருந்தேன்."

பிரிஜெட் காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள். நாலு கட்டம், அம்புக்குறி, இரண்டு பேர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நட்ட நடுவில், அவசரத்தில் வால் நீண்டுபோன ஒரு 'உ'. கையெழுத்து சிந்துவுடையது. எழுதிய ஞாபகம் அவளுக்குக் கொஞ்சம்கூட இல்லை.

கணேசமூர்த்தி பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாக வைத்துவிட்டு, கீழே பேட்டரி இறக்கியாயிற்றா என்று பார்க்கப் போனார்.